அந்த 7 குழந்தைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை: மாவட்டக் கல்வி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டக் கல்வி நிர்வாகத்தில் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

19 ஆண்டுகளாக வகுப்பறையில் இருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் உங்கள் அலுவலகத்துக்கு நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பம், அட்டவணை, விளக்கக் கடிதம், அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறேனே தவிர, நானாக எதையும் சொன்னதில்லை. இப்போதுதான் முதன்முறையாக நானாக எழுதுகிறேன். என் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

சென்ற கல்வியாண்டில் மாதாந்திர வாசிப்புத் திறன் அட்டவணை கேட்டிருந்தீர்கள். என் வகுப்பில் 34 பேர். ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்து, ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அதற்கே நாலு நாள் ஆனது. 11 பேரால் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க முடியவில்லை. அட்டவணையில் 11 என்றே எழுதினேன். பத்து நாள் கழித்து மெமோ வந்தது. வாசிப்புத் திறன் குறைவாக இருப்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டுமாம். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் பள்ளியின் பெயர் திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது. எங்கள் தலைமை ஆசிரியரை எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை. "கொஞ்சம் பார்த்துப் போடுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் 4 என்று எழுதினேன். மெமோ வரவில்லை. அதற்கடுத்த மாதம், முன்னேற்றம் காட்டிய பள்ளிகளின் பட்டியலில் எங்கள் பள்ளியும் இருந்தது.

அந்த 7 குழந்தைகள் ஒரு மாதத்தில் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. நான் எழுதிய எண் மட்டும்தான் மாறியது. சில வாரங்களில், வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்புக்கு நீங்கள் ஓர் ஆசிரியரை அனுப்பினீர்கள். நல்ல ஏற்பாடு. வந்தவரும் பொறுமையானவர், நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அட்டவணையில் இருந்த 4 பேருக்குத்தான் இடம். மற்ற 7 பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களை அங்கிருந்து எடுத்தவள் நான்தான். இரவில் தூக்கம் வராத நாட்களில் இன்றும் அந்த ஏழு முகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஆசிரியர்களிடம் உற்சாகம் குறைந்துவிட்டது என்று நீங்கள் கவலைப்படுவதாகக் கூட்டங்களில் சொல்கிறார்கள். அந்தக் கவலை உண்மையானது என்றே நம்புகிறேன். அதற்காக ஊக்கப் பேச்சாளர் ஒருவரை அழைத்தீர்கள். சான்றிதழ்கள் கொடுத்தீர்கள். மனநிலை பற்றிக் கருத்துக் கணிப்பும் நடத்தினீர்கள். பெயர் எழுத வேண்டாம் என்று அந்தப் படிவத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. ஆனால் உள்ளே நுழையவே பணியாளர் எண் கேட்டது. எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரும் "மிக நன்று" என்ற கட்டத்தைத்தான் தொட்டோம். நானும்தான். அந்த முடிவுகளைப் பார்த்துவிட்டு நிலைமை பரவாயில்லை என்று நீங்கள் நினைத்திருந்தால், உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கிடைத்தது அந்தத் தகவல்தான்.

எங்கள் சோர்வுக்கு வேலைப் பளுவைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அதுவும் உண்டு. ஆனால் என்னைப் பொறுத்தவரை, உங்களிடம் உண்மையைச் சொல்ல முடியாமல் போனதுதான் பெரிய பாரம். வகுப்பில் ஒன்றைப் பார்க்கிறேன், தாளில் வேறொன்றை எழுதுகிறேன். இதையே மாதாமாதம் செய்யும் ஒருவர், செய்யும் தொழில் மேல் எத்தனை நாள் மரியாதை வைத்திருக்க முடியும்?

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளி மாவட்டத்தில் நடந்ததைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். மதிப்பெண்கள் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தன. 2009இல் அந்த மாவட்டத்தின் தலைமை நிர்வாகிக்கு நாட்டின் சிறந்த பள்ளிக் கண்காணிப்பாளர் என்ற விருது கிடைத்தது. அதே 2009ஆம் ஆண்டின் தேர்வுகளை மாநில அரசு விசாரித்து, 2011 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. 44 பள்ளிகளில் முறைகேடு. ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களுமாக 178 பேருக்குத் தொடர்பு. குழந்தைகளின் விடைத்தாள்களில் தவறான விடைகளை அழித்துச் சரியானதைக் குறித்திருந்தார்கள். 2015இல் 11 பேரை நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அங்கே பயமும் மிரட்டலும் பழிவாங்கலும் நிறைந்த சூழல் நிலவியது என்று அந்த விசாரணை அறிக்கை சொல்கிறது.

அந்த ஆசிரியர்கள் செய்தது குற்றம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது, அவர்கள் யாரோ கெட்ட மனிதர்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. 11ஐ 4 ஆக்கிய என் கையும் அதே வழியில்தான் போயிருக்கிறது. இன்னும் எத்தனை அடி மீதம் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

பள்ளிப் பார்வைக்கு நீங்கள் வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு பள்ளியிலிருந்து வண்டி ஏறியதும் அடுத்த பள்ளியில் கைபேசி அடிக்கும். "கிளம்பிட்டாங்க, அந்தப் பக்கம்தான் வர்றாங்க." உங்களில் பலரும் ஆசிரியராக இருந்தவர்கள்தான், இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. அந்த அழைப்பு வந்த உடனே நடந்துகொண்டிருக்கும் பாடம் பாதியில் நிற்கும். பாடக்குறிப்பு நோட்டு மேசைக்கு வரும். அலமாரியில் பூட்டி வைத்த உபகரணங்கள் வெளியே வரும். நன்றாகப் படிக்கும் இரண்டு பேர் முன்வரிசைக்கு மாறுவார்கள், திக்கிப் பேசும் பையன் பின்னால் போவான். இருபது நிமிடத்தில் உங்களுக்காக ஒரு வகுப்பைத் தயார்செய்துவிடுகிறோம். நீங்கள் பார்த்துவிட்டுப் போவது அதைத்தான். எங்கள் வகுப்பை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. குழந்தைகள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பின்னால் அனுப்பப்பட்ட அந்தப் பையனுக்கும் ஏன் அனுப்பினோம் என்று தெரியும்.

19 ஆண்டுகளில் ஒரே ஒரு முறை வேறு மாதிரி நடந்தது. ஓர் அதிகாரி கதவருகே வந்து நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டார். குழந்தைகளை எழுந்து நிற்க வேண்டாம் என்றார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அன்று பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் சரியாகப் போகவில்லை. 1/3 பெரியதா, 1/4 பெரியதா என்று கேட்டால் பாதி வகுப்பு 1/4 என்றது. மூன்றைவிட நான்கு பெரியது, அதனால் 1/4தான் பெரியது என்று ஒரு பெண் எழுந்து விளக்கமும் கொடுத்தாள். நான் பதற்றத்தில் விதியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

மணி அடிக்கும்வரை அவர் இருந்தார். அப்புறம் தாழ்வாரத்தில் நின்று பேசினோம். நோட்டு எதையும் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு சொன்ன காரணம் தப்புதான், ஆனா அவ யோசிச்சிருக்கா இல்லையா? அதை அப்படியே விட்டுட்டு விதிக்கு ஏன் போனீங்க?" என்று கேட்டார். நீங்கள் உட்கார்ந்திருந்த பயத்தில்தான் என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரே நீளத்தில் காகிதத் துண்டுகளை வெட்டி, ஒன்றை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் மடித்து அந்தப் பெண்ணையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். ஒரு துண்டுக் காகிதத்தை மடித்தும் காட்டினார். மறுநாள் செய்தேன். அவள் இரண்டையும் கையில் வைத்து மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நிறைய பேருக்குப் பங்கு வெச்சா கொஞ்சமாத்தான் வரும்" என்றாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் அந்தக் கணக்கில் தவறவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் பின்னங்களை அப்படித்தான் ஆரம்பிக்கிறேன்.

அந்த அதிகாரி சில மாதங்களில் மாறுதலாகிப் போய்விட்டார். என் பாடத்தில் இருந்த குறையை அவர் நேரடியாகத்தான் சொன்னார். அது எனக்கு வலிக்கவே இல்லை. எனவே ஆசிரியர்களுக்கு விமர்சனம் பிடிக்காது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். பாடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் நாங்கள் கேட்பது.

1966 அக்டோபர் 5ஆம் தேதி யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து தயாரித்த ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரை, பாரிஸில் கூடிய நாடுகளின் மாநாட்டில் ஏற்கப்பட்டது. உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5 அன்று கொண்டாடப்படுவது அதன் நினைவாகத்தான். ஆய்வு, மேற்பார்வை எதுவானாலும் ஆசிரியரை ஊக்குவித்து அவருக்கு உதவுவதாக இருக்க வேண்டும், அவருடைய சுதந்திரத்தையும் முன்முயற்சியையும் பொறுப்பையும் குறைக்கக் கூடாது என்கிறது அதன் 63ஆம் பத்தி. ஆசிரியரின் பணியை மதிப்பிட்டால் அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும், நியாயமில்லை என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய அவருக்கு உரிமை வேண்டும் என்கிறது 64ஆம் பத்தி. ஆசிரியரின் நேரமும் சக்தியும் வீணாகாதபடி வேலையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று 85ஆம் பத்தியில் இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் எங்களுக்கு வாழ்த்து அனுப்புகிறீர்கள். அடுத்த முறை அனுப்பும்போது அந்த மூன்று பத்திகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேல்முறையீடு என்றதும் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரப் பள்ளி மாவட்டம் நினைவுக்கு வருகிறது. அங்கே மாணவர் தேர்வு மதிப்பெண்களை ஒரு கணினி முறையில் போட்டு ஆசிரியருக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். அதை வைத்து வேலையைவிட்டே அனுப்பவும் முடிந்தது. அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று ஆசிரியர் கேட்டால், அது தனியார் நிறுவனத்தின் ரகசியம் என்றார்கள். ஆசிரியர்கள் வழக்குப் போட்டார்கள். தன் மதிப்பெண் சரியா என்று சரிபார்க்க ஆசிரியருக்கு வழியே இல்லையென்றால் அது முறையான நடைமுறையா என்ற கேள்வியை 2017இல் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. அதே ஆண்டு மாவட்டம் சமரசத்துக்கு வந்தது. சரிபார்க்க முடியாத மதிப்பெண்ணை வைத்து யாரையும் நீக்குவதில்லை என்று ஒப்புக்கொண்டது. எங்கள் பள்ளியின் பெயர் திரையில் சிவப்பாக வந்ததற்கு என்ன கணக்கு என்று எங்கள் தலைமை ஆசிரியருக்கு இன்றுவரை தெரியாது. அவர் கேட்டும் பார்த்தார்.

உங்கள் நிலைமையும் எனக்குக் கொஞ்சம் புரிகிறது. ஒருமுறை பயிற்சிக் கூட்டம் ஒன்றில், காணொளி இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார்கள். மேலிடத்திலிருந்து உங்களில் ஒருவரை, கீழே வேலைபார்ப்பவர்கள் முன்னிலையில், அவ்வளவு கடுமையாகப் பேசினார்கள். தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க, சரிங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே எங்கள் தலைமை ஆசிரியர்களிடம் அதே வார்த்தைகளைச் சொன்னார். அன்று மாலை ஆசிரியர் கூட்டத்தில் எங்களுக்கும் அது வந்து சேர்ந்தது. மறுநாள் காலை வீட்டுப்பாடம் எழுதாத ஒரு பையனிடம் நான் கத்தினேன். அவன் அதை யாரிடம் இறக்கிவைப்பான்? மேலே யாராவது ஒருவர் தன்னோடு அதை நிறுத்திக்கொண்டால் கீழே இருக்கும் எல்லோரும் பிழைப்பார்கள். அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அது கஷ்டம் என்றும் தெரியும்.

எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. தாமதமாக வருகிறவர், பாடமே நடத்தாமல் நாளைக் கடத்துகிறவர் எங்களிலும் உண்டு. அவர்களைப் பற்றி ஆசிரியர் அறையில் முணுமுணுப்போமே தவிர, முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நீங்கள் கேட்டாலும் காட்டிக்கொடுக்க மாட்டோம். ஏனென்றால் நீங்கள் அவரைத் திருத்துவீர்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. தண்டிப்பீர்கள், கூடவே எங்கள் எல்லோருக்கும் ஒரு புதிய பதிவேடு வரும் என்றுதான் நினைக்கிறோம். டொலீடோ என்ற அமெரிக்க நகரில் 1981இலேயே ஆசிரியர் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. அனுபவமுள்ள ஆசிரியர்களே புதியவர்களையும் தடுமாறுகிறவர்களையும் கூட இருந்து பயிற்றுவிப்பார்கள். முன்னேற்றம் இல்லையென்றால் அதையும் அவர்களே சொல்வார்கள். எங்களுக்கும் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். தட்டிக்கழிக்க மாட்டோம்.

சம்பளம் பற்றி நான் இங்கே அதிகம் எழுதவில்லை. அதற்குச் சங்கங்கள் இருக்கின்றன, அவர்கள் பேசுவது நியாயம். ஆனால் எல்லாக் கோபத்தையும் பணக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 55 கவுன்டிகளிலும் (நம் மாவட்டங்கள் போன்றவை) பள்ளிகள் மூடப்பட்டு ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் 5 சதவீத ஊதிய உயர்வு கிடைத்தது. அந்தக் கோபத்துக்குள் ஒரு செயலியும் இருந்தது. எத்தனை அடி நடந்தாய் என்பதைக்கூட அதில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். வருமானம் போதாதபோது பொறுத்துக்கொள்ளும் மனிதருக்கும், தன்னை நம்பவில்லை என்று தெரியும்போது பொறுக்காது.

நம்பிக்கை என்றால் ஏதோ மென்மையான பேச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1990களில் சிகாகோவின் 400க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை அந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பெரியவர்களுக்குள் நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னேறியது. நம்பிக்கை குன்றிய பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான். மரியாதை, தனிப்பட்ட அக்கறை, தொழில் திறமை, சொல்லும் செயலும் ஒன்றாக இருப்பது. இந்த நான்கையும் வைத்துத்தான் மனிதர்கள் ஒருவரையொருவர் எடைபோடுகிறார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். எங்கள் தலைமை ஆசிரியரை எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நிற்கவைத்த அன்று முதலாவது போய்விட்டது.

போன வருடம் எங்கள் பள்ளியிலிருந்து ஒரு கணித ஆசிரியை வேலையை விட்டுப் போனார். குழந்தைகளுக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். போகும்போது சாவியை ஒப்படைத்தாரா, மடிக்கணினியை ஒப்படைத்தாரா என்று உங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று முறை கேட்டார்கள். ஏன் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உலகம் முழுவதும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பணியைவிட்டுப் போனவர்களின் விகிதம் 2015இல் 4.6 சதவீதம், 2022இல் 9 சதவீதம் என்கிறது யுனெஸ்கோ. 2030க்குள் 4.4 கோடி ஆசிரியர்கள் கூடுதலாக வேண்டுமாம். புதியவர்களைத் தேடுவதில் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை, போகிறவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதில் காட்டலாம். அவருடைய மேலதிகாரியாக இல்லாத ஒருவர் கேட்டால் அவர் உண்மையைச் சொல்வார்.

உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறேன் என்று கேட்டால், முதலில் ஒன்று. குறைவான எண்ணை எழுதினால் ஆபத்தில்லை என்ற நிலைமையை உண்டாக்குங்கள். ஓர் ஆசிரியர் 11 என்று எழுதினால் உங்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்பதாக இருக்கட்டும். விளக்கம் அப்புறம் கேட்கலாம். புதிதாக ஒரு பதிவேடு கேட்கும்போது எதற்காக என்று ஒரு வரி சொல்லுங்கள், பழையதில் ஒன்றை எடுத்துவிடுங்கள். திட்ட வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள். வகுப்புக்கு வந்தால் ஒரு பாடவேளை முழுக்க இருங்கள். கடைசி பெஞ்ச் எப்போதும் உங்களுக்கு உண்டு. எங்கள் கடிதங்களுக்குப் பதில் போடுங்கள், முடியாது என்ற பதிலாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த ஆண்டு எனக்குப் புது வகுப்பு. நேற்றுத்தான் எல்லோரையும் படிக்கவைத்து முடித்தேன். 9 பேரால் முடியவில்லை. இந்த மாத அட்டவணையில் 9 என்றே எழுதியிருக்கிறேன். யார் எந்த எழுத்தில் தடுமாறுகிறார்கள் என்று தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். போன வருடத்து 7 பேரின் பெயர்களும் அதன் கீழே இருக்கின்றன. அவர்கள் இப்போது அடுத்த வகுப்பில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சிறப்பு வகுப்பு வேண்டும். தலைமை ஆசிரியரிடம் காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த உறை நாளைக் காலை உங்கள் அலுவலகத்துக்கு வரும்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்து ஆசிரியை ஒருத்தி